ரசியா சொன்ன தேதி

கார்டில் இருந்தது நாலே வரி. சேக் முகம்மது வீட்டில் அதை ஆளுக்கு நாற்பது தடவையாவது படித்திருப்பார்கள்.

தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் குமாஸ்தா கடற்கரை என்பவர் எழுதியிருந்தார். ‘தங்கள் குமாரர் குலாம் ரசூலின் பெட்டி ஒன்றை நேரில் ஒப்படைக்க மிகேல் என்ற மாலுமி ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் வருகிறார். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பவும்.’

பெட்டி வருகிறது, சரி. பெட்டிக்காரன் எங்கே? இதைத்தான் அந்த வீட்டில் நாலு நாளாக ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

குலாம் ரசூல் கப்பலில் சமையல் வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆயிற்று. கடைசியாக மெக்ஸிகோ தேசத்தில் வேரக்ரூஸ் என்ற துறைமுகத்தில் இறங்கி, அங்கே ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எழுதினான். ‘இங்கன எல்லாருக்கும் ஸ்பானிஷ்தான். வாய் இருந்தும் ஊமையா இருக்கேன். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வார்த்தையா எழுதிப் படிக்குதேன்’ என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு மாதமாக ஒரு வரி கிடையாது.

தங்கை ரசியா சும்மா இருக்கிற பெண்ணா? கோவில்பட்டியில் புதிதாக வந்த கல்லூரியில் அவள் பி.ஏ. முதல் வருடம். மெக்ஸிகோவுக்குப் பயிற்சிக்குப் போகிற விவசாய இலாகா ஆட்கள் ஆறு பேருக்காக அதே கல்லூரியில் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பானிஷ் பேச்சு வகுப்பு ஆரம்பித்தார்கள். ஆறு ஆண்பிள்ளைகளுக்குப் பின்னால் ஏழாவதாகப் போய் உட்கார்ந்தாள். அண்ணனைப் பற்றி விசாரித்து யாருக்காவது எழுத வேண்டும், யாரிடமாவது பேச வேண்டும் என்பதுதான் எண்ணம். தெருவில் பேசாத பேச்சு இல்லை. அத்தா சேக் முகம்மது, “எம் மவனத் தேடுததுக்குப் படிக்கா, ஒங்களுக்கு என்னவே?” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

வகுப்பு எடுத்தவர் வேணுகோபால் சார். மெக்ஸிகோவில் இரண்டு வருடம் இருந்து வந்தவர். “தப்பு வந்தாலும் பரவாயில்ல, கூச்சப்படாமப் பேசுங்க” என்பார். பாடம் எல்லாம் சந்தோஷமான பாடம். என் பெயர் இன்னது, உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி, இரண்டு காபி கொடுங்கள், ஸ்டேஷன் எங்கே இருக்கிறது. அந்தப் பாடத்தில் யாருக்கும் காய்ச்சல்கூட வராது.

வீட்டுக்கு வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்து ரசியா சத்தம் போட்டுப் படிப்பாள். அண்ணன் மனைவி தௌலத் பேகம் அம்மியில் மசாலா அரைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். “என்னட்டி இது, கோழியக் கூப்பிடுத மாதிரி இருக்கு!” என்பாள். ரசியாவுக்கு அம்மா இல்லை. ஏழு வருடமாக மைனிதான் எல்லாம்.

தௌலத் பேகத்துக்குப் பிள்ளை இல்லை. புருஷனோடு வாழ்ந்தது இரண்டே வருடம். கயத்தாறிலிருந்து அவள் அண்ணன் மஸ்தான் நாலைந்து தடவை வந்து கூப்பிட்டுவிட்டான். அங்கே லாரி நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிற ஒருத்தர், மனைவியை இழந்தவர், கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். மஸ்தான் கெட்டவன் இல்லை. தங்கச்சி இப்படியே நரைத்துப் போய்விடுவாளே என்று நிஜமாகவே தவிக்கிறவன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு முடிவு என்று சொல்லியிருந்தான். குலாம் ரசூல் உயிரோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கையோடு அழைத்துப் போகிறேன் என்றான். ஒரே ஒரு விஷயம்தான் அவனைத் தடுக்க முடியும். புருஷன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா என்று துக்கம் காத்து இருக்க வேண்டும். அதைப் புருஷன் வீட்டில்தான் இருக்க வேண்டும். மார்க்கச் சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை மஸ்தான்.

ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இத்தா ஆரம்பிப்பது செய்தி வந்த நாளிலிருந்து இல்லை, உயிர் போன நாளிலிருந்து. மேலத் தெரு நூருன்னிசாவுக்கு இப்படித்தான் ஆயிற்று. பினாங்கில் புருஷன் இறந்த செய்தி அரை வருடம் கழித்து வந்தது. இத்தா நாள் தானாகவே முடிந்துபோய்விட்டது, இனிமேல் இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலையில் செய்தி, மத்தியானம் அண்ணன்மார் வண்டி கட்டிக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அன்றைக்குத் தௌலத் பேகம் ரசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “கொடுமையப் பாத்தியாட்டி? அழுவதுக்கு ஒரு பொழுதுகூடக் கொடுக்கல. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தா, இந்த வீட்டுல ஒக்காந்து நான் அழணும். அண்ணன் வீட்டுல எனக்கு அழுகை வராது.”

வேணுகோபால் சார் கார்டைப் பார்த்துவிட்டு, “நான் வேணா வந்து பேசித் தரட்டுமாம்மா?” என்றார். தௌலத் பேகம் வேண்டாம் என்றுவிட்டாள். நல்லதோ கெட்டதோ, அதை ரசியா வாயால்தான் கேட்பேன் என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே மஸ்தான் வந்துவிட்டான். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. காலிப் பெட்டி என்பது அவன் தூக்கி வந்த விதத்திலேயே தெரிந்தது.

“எதுக்கு மச்சான் பெட்டி?” என்று கேட்டாள் ரசியா.

“அவ துணிமணி வைக்கத்தான்.”

“அவிய வந்து என்ன சொல்லுதாகன்னு கேட்டுட்டு...”

“கேப்போம், கேப்போம். நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?” என்று பெட்டியைச் சுவர் ஓரமாக வைத்தான். திரைக்குப் பின்னால் அறையில் இருந்த தங்கச்சியைப் பார்த்து, “தௌலத்து, சாப்பிட்டியா?” என்றான். பதிலுக்கு வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

ஒன்பதரை மணிக்குச் சேக் முகம்மது ஸ்டேஷனிலிருந்து மாலுமியை அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். சுருங்கிப்போன முகம், கட்டம் போட்ட சட்டை. முந்தின நாள் மழையில் தெருவெல்லாம் குழைந்து கிடந்தது. பூட்ஸில் கரிசல் மண் அப்பி, ஒவ்வொரு கால் இரண்டு சேர் கனம் இருக்கும் போலிருந்தது. வாசலில் நின்று அதைப் பார்த்து வெட்கப்பட்டு, கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

ஒரு கையில் தகரப் பெட்டி. இன்னொரு கையில் வாழை இலைப் பொட்டலம். கடம்பூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக நீட்டிய போளியை வாங்கி வந்திருக்கிறார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார், பாவம்.

ரசியா திரைக்கு முன்னால் நின்றாள்.

“புவேனோஸ் தியாஸ், ஸெனோர்,” என்றாள். காலை வணக்கம், ஐயா.

அந்த மனுஷர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! தூத்துக்குடியில் இறங்கிய நாளிலிருந்து அவர் மொழியில் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். படபடவென்று கொட்டினார். ரசியாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கையை உயர்த்தினாள்.

“தெஸ்பாசியோ, போர் ஃபவோர்.” மெதுவாக, தயவுசெய்து. இரண்டாவது பாடம்.

அவர் தலையசைத்தார். ரசியா தன்னைத் தொட்டு, “மி நோம்ப்ரே எஸ் ரசியா,” என்றாள். அவர் அவளையே பார்த்தார். “ரசியா,” என்று மெல்லச் சொன்னார். “லா எர்மானா.” தங்கை. அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே அண்ணன் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

“என்ன சொல்லுதாரு?” என்றான் மஸ்தான்.

“இருங்க மச்சான். இப்பத்தான் பேரு சொல்லுதேன்.”

ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று கேட்க ஒரு வாக்கியம் கற்றிருந்தாள் அல்லவா? அதில் ஸ்டேஷனை எடுத்துவிட்டு அண்ணனை வைத்தாள்.

“தோந்தே எஸ்தா மி எர்மானோ?” என் அண்ணன் எங்கே இருக்கிறான்?

மிகேல் தரையைப் பார்த்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். அப்புறம், அவள் கேட்டுக்கொண்ட மாதிரியே, மெதுவாகச் சொன்னார்.

“என் எல் ஸெமெந்தேரியோ, ஸெனோரீத்தா.”

அது வகுப்பில் வராத சொல். ஆனால் அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதை விளங்கவைத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

“அத்தா,” என்றாள் ரசியா. சேக் முகம்மது மகள் முகத்தைப் பார்த்தார். மொழி தெரியாதவர் என்றாலும் அவருக்கு அது போதுமாக இருந்தது. “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன்” என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்துவிட்டார். மஸ்தான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து அழுகை கேட்டிருந்தால்கூட ரசியாவுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அவளுக்கு ஓவென்று கதற வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் அழுதுவிட்டால் அந்தக் கூடத்தில் பேச்சு நின்றுபோகும். இனி கேட்க வேண்டியதெல்லாம் அவள் வாயில்தான் இருக்கிறது. மூன்று மாதம் கூச்சப்படாமல் பேசப் பழகியது இந்தப் பேச்சுக்குத்தானா என்று நெஞ்சு வெந்தது.

மிகேல் நெற்றியில் கை வைத்துக் காட்டினார். காய்ச்சல். ஆஸ்பத்திரி என்ற சொல் புரிந்தது. ஒன்பது விரல் காட்டினார். ஒன்பது நாள். தன் நெஞ்சைத் தொட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி காட்டினார். தான் கூடவே இருந்ததாகச் சொல்கிறார்.

ரசியா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

சேக் முகம்மது தலை நிமிர்ந்தார். “கிப்லாவப் பாத்து முகத்த வச்சாகளான்னு கேளு ரசியா.”

மக்கா இருக்கிற திசையைப் பார்த்து முகம் இருக்கிற மாதிரி அடக்கினார்களா என்று எப்படிக் கேட்பது? அவளுக்குத் தெரிந்த பாஷையில் அதற்கு வார்த்தை ஏது? சுற்றிப் பார்த்தாள். மூலையில் கிடந்த நீளத் தலையணையை எடுத்துத் தரையில் போட்டாள். அதைத் தொட்டு, “மி எர்மானோ,” என்றாள். தன் முகத்தைத் தொட்டுக் காட்டி, தலையணையை மேற்குப் பக்கமாகத் திருப்பி வைத்து மிகேலைப் பார்த்தாள்.

மிகேல் முழங்காலிட்டுத் தலையணையைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். இரண்டு கையாலும் பதமாக எடுத்து நேர் எதிராகத் திருப்பினார். வெயில் வருகிற கிழக்கு ஜன்னலைக் காட்டினார். “ரசூல்,” என்று சொல்லித் தன் வாயைத் தொட்டார். அவன்தான் அப்படி வைக்கச் சொன்னான்.

“கிழக்கயா?” என்று அலறிவிட்டார் சேக் முகம்மது. “எம் புள்ள முதுகையா மக்காவுக்குக் காட்டி வச்சிருக்காக? அய்யோ, விவரம் தெரியாத ஊர்ல போயிக் கெடந்தானே!”

“சே, சே, இதென்ன அநியாயம்!” என்று மஸ்தான் தலையில் அடித்துக்கொண்டான். ஆயுசு முழுக்க மேற்கே பார்த்துத் தொழுத மனுஷர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

“இல்ல அத்தா, இல்ல,” ரசியா அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். “அது பூமிக்கு அந்தப் பக்கம். அங்கேருந்து மக்கா கிழக்கத்தான் இருக்கு. அங்க இருக்கவுக கிழக்கப் பாத்துத்தான் தொழணும். அண்ணனுக்கு அது தெரிஞ்சிருக்கு. அவனே சொல்லி வச்சிருக்கான்.”

“நெசமாவாட்டி?”

“நெசம் அத்தா. காலேஜுல பூமி உருண்டை இருக்கு. வேரக்ரூஸ்ல வெரல் வச்சு நான் பாத்திருக்கேன்.”

சேக் முகம்மது தலையணையைப் பார்த்தார். எழுந்து போய் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் மிகேலின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மிகேலும் அழுதார். ஒருத்தருக்கொருத்தர் ஒரு சொல் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து மஸ்தான் தொண்டையைச் செருமினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. இருந்தாலும் வந்த காரியம் இருக்கிறதே.

“ரசியா, மவுத்து என்னைக்குன்னு கேளு. தேதி வேணும்லா.”

மாதமும் தேதியும் ஐந்தாவது பாடம். வகுப்பில் ஏழு பேரும் அவரவர் பிறந்த தேதியைச் சொல்லிக் கைதட்டிய பாடம். ரசியா கேட்டாள்.

“குவாந்தோ?” எப்போது?

“தோஸே தே ஹூனியோ,” என்றார் மிகேல்.

ஜூன் பன்னிரண்டு.

ரசியா விரலை மடக்கினாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். அக்டோபரிலேயே நாலு மாதமும் பத்து நாளும் முடிந்துவிட்டது. இன்றைக்கு நவம்பர் பத்து. மைனி கருகமணியும் கண்ணாடி வளையலும் போட்டுக்கொண்டு, அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டு, கோழியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு இருந்த நாளெல்லாம் அவளுடைய இத்தா நாள். அவளுக்கே தெரியாமல் ஓடிப்போய்விட்டது.

சுவர் ஓரத்தில் காலி டிரங்குப் பெட்டி இருந்தது.

“என்னட்டி? என்னைக்காம்?” என்றான் மஸ்தான்.

இந்தப் பெண்ணைக் குறை சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கிப்லாவைப் பற்றி உண்மையைச் சொன்ன வாய் ஈரம் காயவில்லை, அதே வாயால் சொன்னாள்.

“ஆகஸ்ட் பன்னெண்டு.”

மிகேல் நிமிர்ந்தார். அவர்கள் மொழியிலும் அந்த மாதம் அகோஸ்தோதான். ரசியா தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்து விரலை ஆட்டினார்.

“நோ, நோ, ஸெனோரீத்தா. ஹூனியோ. ஹூனியோ.”

“என்ன, நோ, நோங்காரு?” மஸ்தான் நெற்றியைச் சுருக்கினான்.

ரசியா மிகேலை நேராகப் பார்த்தாள். பொய் சொல்லுங்கள் என்று கேட்க அவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. இவள் இங்கே அழ வேண்டும், அதற்கு நாள் வேண்டும் என்று சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள்.

“போர் ஃபவோர்.”

மிகேல் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சுவர் ஓரத்துப் பெட்டியைக் கண்டாரோ என்னவோ, அது தெரியாது. மஸ்தான் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

“ஸீ,” என்றார். “அகோஸ்தோ.”

மஸ்தான் விரல்விட்டு எண்ணினான். “டிசம்பர்ல முடியும். அப்ப இன்னும் நாப்பது நாளு இருக்கு.” பெருமூச்சு விட்டான். “அவளுக்கு இந்த வருச நோன்பு முப்பதும் இங்கனதான்னு எழுதியிருக்கு. சரி. நாப்பது நாளு கழிச்சு வாரேன் மாமா.”

மிகேல் தகரப் பெட்டியை ரசியாவிடம் கொடுத்தார். மேலே இருந்த ஒரு உறையைத் தனியாக எடுத்துக் காட்டினார். ஆஸ்பத்திரி முத்திரை போட்டு ஒட்டிய உறை. ரசியா கை நீட்டுவதற்குள் மஸ்தான் வாங்கிவிட்டான்.

“இது எங்கிட்ட இருக்கட்டும். எங்க ஊரு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் காட்டி, இத்தா முடியுத நாளைச் சரியா எழுதி வாங்கிக்கிடுதேன்.”

“இல்ல மச்சான், அது இங்க...”

“அதனால என்ன? பத்திரமாத் திருப்பித் தந்துருவேன்.” சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் தேதியை எண்ணில் எழுதியிருப்பார்கள். எண்ணைப் படிக்க ஸ்பானிஷ் எதற்கு?

*

சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மேலத் தெரு நூருன்னிசாதான் முதலில் ஓடி வந்தாள். தௌலத் பேகத்தின் வளையலைக் கழற்றினாள், கருகமணியை எடுத்தாள், வெள்ளைச் சேலை உடுத்திவிட்டாள். மிகேல் மூன்று மணி ரயிலுக்குப் போய்விட்டார். மஸ்தான் காலிப் பெட்டியோடு கயத்தாறு பஸ் ஏறிவிட்டான்.

அவ்வளவு நேரமும் தௌலத் பேகம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பொழுது சாய்ந்து, மஃரிபு தொழுகைக்கு முன்னால் எல்லோரும் போன பிறகு ரசியா அறைக்குள் போனாள். தௌலத் பேகம் பாயில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு தொப்பி. இவள் எழுதிய கடிதங்கள், மடித்து மடித்து இற்றுப்போனவை. மடியில் ஒரு நோட்டு.

“மைனி, நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள் ரசியா. “நான் ஒரு தப்பு...”

“இங்க வா. இதப் பாரு,” என்றாள் தௌலத் பேகம்.

குலாம் ரசூலின் கையெழுத்து. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டிருந்தான். பசிக்கிறது. தண்ணீர் கொடுங்கள். என் பெயர் ரசூல். ரசியாவின் நோட்டில் இருக்கிற அதே பாடம். கடைசியாக எழுதின வரி, ‘கியேரோ இர் அ மி காசா. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.’

ரசியாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காலையிலிருந்து அடக்கியதெல்லாம் உடைந்தது. அண்ணா, அண்ணா என்று மைனியின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தௌலத் பேகம் அவள் தலையைத் தடவிக்கொண்டே நோட்டைப் பின்னால் புரட்டினாள்.

“அந்தப் பன்னெண்டு மாசத்தையும் எழுதி வச்சிருக்காக பாரு. எனேரோ, ஃபெப்ரேரோ, மார்ஸோ...” விரலை வரி வரியாக நகர்த்தினாள். “ஆப்ரீல், மாயோ...”

ஆறாவது வரியில் விரல் நின்றது.

“ஹூனியோ,” என்றாள். “இதத்தானே அவரு திருப்பித் திருப்பிச் சொன்னாரு?”

ரசியா நிமிர்ந்தாள்.

“மூணு மாசமா அடுக்களை வாசல்ல ஒக்காந்து நீ கத்தும்போது அம்மியில இருந்தது ஆருட்டி? எனக்குக் காது இல்லையா?”

“மைனி...”

“தோஸே தே ஹூனியோ. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நூருன்னிசா மாதிரிதான் நம்ம கதையும்னு நினைச்சுக்கிட்டேன். எந்திரிச்சுத் துணிய மடிக்கலாம்னு இருந்தேன். நீ ஆகஸ்ட்டுன்னுட்ட.”

“பாவந்தானே மைனி? ஹஜ்ரத்துகிட்டப் போயி உண்மையச் சொல்லிரட்டுமா?”

“பாவந்தான். ஆளுக்குப் பாதி எடுத்துக்கிடுவோம்.”

“மச்சான் சட்டைப் பையில அந்த உறை இருக்கு. அதுல தேதி போட்டிருக்கும். பிரிச்சாகன்னா நாளைக்கே வந்து நிப்பாக.”

“வரட்டும். கயத்தாறு என்ன கண்காணாத தூரமா? நாளைக்கும் வரலாம், நாலு நாளு கழிச்சும் வரலாம். அவன் வந்து நிக்குத வரைக்கும் இது எம் புருஷன் வீடு. நான் இத்தாவுல இருக்கேன்.”

பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். தௌலத் பேகம் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். நோட்டை மூடி, வளையல் இல்லாத கையால் அணைத்துக்கொண்டாள். வலது கைப் பெருவிரலைச் சுண்டுவிரலின் முதல் ரேகையில் வைத்தாள்.

“ஊனோ,” என்று எண்ணினாள். ஒன்று.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.